நெம்மேலி மாண்டலின்

நாவல் எழுதுவதற்கென்று ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் நாவலைத் தவிர மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு திரும்புவார்கள். நான் நெம்மேலிக்குப் போன கதையும் அதுதான்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டிச் சிறிது தூரம் போனால் நெம்மேலி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவே நாடா மாதிரி ஒரு மணல் நிலம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் சென்னைவாசிகளுக்குக் குடிதண்ணீர்தான் ஞாபகம் வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2013-ஆம் ஆண்டில் அங்கே வேலை செய்யத் தொடங்கியது; நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் இரண்டாவது ஆலை வந்தது; அது 15 கோடி லிட்டர். நான் போனது தண்ணீருக்காக அல்ல. சிநேகிதர் ஒருவருக்கு அங்கே சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு சிறு வீடு. “சத்தமே இராது, அலைச் சத்தம் ஒன்றுதான்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

சத்தம் இருந்தது. காலையில் காபி குடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தால், வேலிக்கு அப்பால் ஒரு கீற்றுக் கொட்டகையிலிருந்து இழைப்புளி ஓடும் சத்தம் கேட்கும். நீண்டு போய், சற்று நின்று, மறுபடியும் நீண்டு போகும். கதவு ஜன்னல் இழைக்கிற சத்தம் எனக்குத் தெரியும். அதில் ஓர் அவசரம் உண்டு, கூலிக்கணக்கு உண்டு. இதில் அவசரமே இல்லை. மூன்றாம் நாள் என் கதாநாயகியை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துவிட்டு, வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆசாரியார் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை. பலகை என்பதும் சரியில்லை. பாதி உரித்த பலாச்சுளையை நீளவாக்கில் கவிழ்த்த மாதிரி, நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருந்தது. நிறமும் ஏறக்குறைய அதுதான். வெயிலில் பழுத்த மஞ்சளும் வெண்மையும் கலந்த நிறம்.

“இது என்ன ஆசாரியாரே, சாமி வாகனத்துக்கா?” என்று கேட்டேன்.

“மாண்டலின் சார்” என்றார், தலை நிமிராமல். “பேத்திக்கு.”

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் வருத்தப்படவில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கதையைச் சொன்னார். இளமையில் கோடம்பாக்கம் பக்கம் வாத்தியங்கள் பழுது பார்க்கும் ஒரு கடையில் வேலை செய்தவர் அவர். சினிமா வாத்திய கோஷ்டிகளில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து வாசித்த காலம் அது. பிடிலும் கிதாரும் மாண்டலினும் முதுகு உடைந்தும் கழுத்து முறிந்தும் அந்தக் கடைக்கு வரும். அவற்றைப் பிரித்து ஒட்டிப் பிரித்து ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் கை கற்றுக்கொண்டது. அப்புறம் கோஷ்டிகள் சுருங்கின, கடை போயிற்று, அவர் ஊருக்கு வந்து கதவு ஜன்னல் செய்தார். ஆயுளில் ஒரு வாத்தியமாவது முழுசாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

“மரம் என்ன மரம்?”

“குமிழ்.”

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தாப் புயல் வந்ததே, அதில் விழுந்த மரமாம். கிணற்றடியில் நின்ற குமிழ் மரம் வேரோடு சாய்ந்ததும், எல்லாரும் விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். இவர் அடிமரத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பலகையாக அறுத்து, கொட்டகைப் பரணில் காற்றாட அடுக்கி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் காய்ந்த மரம். விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். “டொக்” என்று சொல்ல வேண்டிய மரம், “டங்” என்று சொல்லிற்று.

குமிழ் என்றதும் எனக்குள் ஏதோ மணி அடித்தது. ராத்திரி படுக்கையில் புரண்ட பிறகுதான் அது எந்தக் கோயில் மணி என்று தெரிந்தது. பெரும்பாணாற்றுப்படை!

பத்துப்பாட்டில் ஒன்றான அந்த நூலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார்; பாட்டுடைத் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அதாவது, அது இந்தத் தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வருகிறது. வெள்ளைக் குதிரைகளும் வடநாட்டுப் பண்டங்களும் கப்பலில் வந்து இறங்குகின்றன. இரவில் உயரமான மாடத்தின் உச்சியில் நெருப்பு ஏற்றிக் கப்பல்களைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரம்தான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர் உண்டு. அப்படியானால், பாட்டில் வரும் பாணன் யாழைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்த வழிக்கும் நெம்மேலி மணலுக்கும் அதிக தூரம் இராது. இப்படி நினைத்துக்கொள்வதில் சரித்திரக்காரருக்குச் சங்கடம் இருக்கலாம், கதைக்காரனுக்கு இல்லை.

அந்த நூலில் இரண்டு யாழ்கள் வருகின்றன. ஒன்று பாணனுடைய பேரியாழ். பாட்டு அதிலேதான் ஏறக்குறைய ஆரம்பிக்கிறது. புலவர் ஒரு தச்சனைப் போல அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டுகிறார். போர்த்த தோலுக்குப் பாதிரிப்பூவின் உட்புற நிறம். வாய், தண்ணீர் வற்றிய சுனை மாதிரி இருட்டாக இருக்கிறது. தண்டில் சுற்றிய வார்க்கட்டுக்கள் ஒரு பெண்ணின் முன்கை வளையல்களைப் போல நெகிழவும் இறுகவும் செய்கின்றன. தண்டு கருமணி நிறம். நரம்பு, பொன்னை இழுத்துக் கம்பியாக்கியது போல. அந்த வருணனையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஆசாரி யாழைச் செய்துவிடலாம் போலிருக்கும். ஆனால் செய்யப் புகுந்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இந்த யாழ் விஷயத்துக்காக வருஷக்கணக்கில் உழைத்தார். அவருடைய ‘யாழ்நூல்’ 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19-ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவே முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை.

இரண்டாவது யாழ்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அது வித்வானுடைய வாத்தியம் அல்ல. மாடு மேய்க்கும் பையனுடையது. காட்டில் மாடுகளை விட்டுவிட்டு, தீக்கடைகோலால் மூங்கிலில் துளை சுட்டுக் குழல் ஊதுகிறான். அந்தப் பாலைப் பண் அலுத்துப்போகிறது. பக்கத்தில் நிற்கும் குமிழ் மரத்தின் உள்துளையுள்ள கொம்பு ஒன்றை வளைக்கிறான், மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டுகிறான், வில்யாழ் ஆகிவிட்டது! அதில் குறிஞ்சிப் பண்ணை விரலால் தெறித்து வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தங்கள் இனத்தின் குரல் என்று நினைத்து உற்றுக் கேட்கின்றனவாம்.

குமிழ் மரம், கையால் செய்தது, பூச்சு இல்லை, விற்பனைக்கு இல்லை. மறுநாள் காலை ஓடிப்போய் ஆசாரியாரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “பின்னே? குமிழ் லேசான மரம்; அவ்வளவா முறுக்கிக்காது; உளிக்கு வளையும். மாட்டுக்காரப் பையனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் கண்டுபிடித்த சரித்திரம் அவருக்கு வெறும் மரச் செய்தியாகத்தான் பட்டது.

அப்பேர்ப்பட்ட யாழ் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைப் பல பண்டிதர்கள் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றும் பதில் பெரியபுராணத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பாட்டுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலுக்குப் பக்கத்தில் தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கே போனபோது உறவினர்கள், “உன் யாழினால்தான் பதிகத்துக்குப் பெருமை” என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான்! பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே வேண்டிக்கொண்டார். சம்பந்தர் பாடினார். பாணர் நரம்பில் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. யாழை ஓங்கி உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து யாழைக் கையில் வாங்கி, “வந்த மட்டும் வாசியும்” என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர்.

இதைப் பக்திக் கதையாகத்தான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆசாரியாரின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது வேறு விதமாகத் தோன்றிற்று. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். மெட்டும் கிடையாது, நரம்பை விரல் வைத்து அமுக்கக் கீழே தண்டும் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போகும்போது யாழ் என்ன செய்யும்? பாட்டு வளர்ந்துவிட்டது, வாத்தியம் வளரவில்லை. தருமபுரத்தில் பாணர் ஓங்கிய கை அதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

அதே நூற்றாண்டில்தான் மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாலை பஸ் ஏறிப் போனேன். அர்ஜுனன் தபசு என்று சொல்லும் அந்தப் பெரிய பாறையில் கின்னரர்கள் இருக்கிறார்கள். பாதி மனிதர், பாதி பறவை. அவர்களில் ஒருவர் கையில் வாத்தியம், யாழ் அல்ல, தண்டு போன்ற வீணை. தர்மராஜ ரதத்தின் மேல் தளத்தில், கீழே நின்று பார்ப்பவர்கள் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், சிவபெருமானே வீணாதரராக நிற்கிறார். குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்களைக் கல்லில் வெட்டி வைத்த சாஸனம் பிரசித்தமானது. அதன் பக்கத்தில் பரிவாதினி என்ற பெயரும் வெட்டியிருக்கிறது. ஏழு தந்தி வீணைக்கு அந்தப் பெயர். அதை வெட்டுவித்தது மகேந்திர பல்லவன் என்று நம்மில் பலர் நாவல் படித்த உற்சாகத்தில் அடித்துச் சொல்வோம். கல்வெட்டு அறிஞர்கள் அவ்வளவு தைரியமாகச் சொல்வதில்லை. யாராயிருந்தாலும் சரி, யாழின் இடத்துக்கு வீணை வந்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது.

உட்கார்ந்த வீணையும் ஒரே நாளில் இன்றைய உருவத்தை அடைந்துவிடவில்லை. 24 மெட்டுகளை நிலையாகப் பதித்துத் தஞ்சாவூர் வீணையை நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் என்று சொல்வது வழக்கம். பலா மரம், ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டு வீணை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் முத்திரையும் கிடைத்தது. ஆனால் வீணையின் உயிர் மரத்தில் பாதிதான். மீதிப் பாதி மெழுகில். தேன்மெழுகையும் கரித்தூளையும் குழைத்துத் தண்டியின்மேல் வரம்பு கட்டி, அதில் மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்க வேண்டும். மேளம் கட்டுவது என்று பெயர். அளவுகோல் அங்கே செல்லாது.

மாண்டலின் கதையே வேறு. ஆசாரியார் மெட்டுப் பலகைக்குப் பழைய ஈட்டிமரக் கட்டில் சட்டம் ஒன்றை இழைத்து வைத்திருந்தார். பக்கத்தில் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் பென்ஸிலால் ஒரு வகுத்தல் கணக்கு.

“என்ன கணக்கு இது?”

“மெட்டுக் கணக்கு சார். மொத்த நீளத்தைப் பதினெட்டாலே வகுக்கணும். வந்ததை விட்டுட்டு மீதியை மறுபடியும் பதினெட்டாலே வகுக்கணும். கடையிலே பெரியவர் சொல்லிக் கொடுத்தது.”

அந்தப் பெரியவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! இந்தப் பதினெட்டுக் கணக்கை 1581-இல் பிளாரென்ஸ் நகரத்தில் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் சொன்னவர் வின்சென்ஸோ கலிலி. பூமி சுற்றுகிறது என்று சொல்லிச் சங்கடப்பட்ட கலிலியோவின் தகப்பனார். அவர் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர். பையன் ஆகாயத்தை அளந்தான். தகப்பன் மெட்டுகளை அளந்தார்.

கணக்கில் ஒரு சிறு வழுவும் உண்டு. ஸா-விலிருந்து மேல் ஸா-வுக்குப் பன்னிரண்டு மெட்டு. பன்னிரண்டாவது மெட்டு தந்தியைச் சரிபாதியில் வெட்ட வேண்டும். பதினெட்டால் வகுத்துக்கொண்டே போனால் பாதிக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். 35 சென்டிமீட்டர் தந்தியில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிசகும். பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். நான் இதைச் சொன்னதும் ஆசாரியார் முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். “அதான், கடைசி மெட்டுக்கு வர்றப்போ காது இடிக்கும், குதிரையைக் கொஞ்சம் நகர்த்திச் சரிக்கட்டுவோம்” என்றார். அன்று சாயங்காலம் பேத்தி கால்குலேட்டரை வைத்துக்கொண்டு புதுக் கணக்குப் போட்டாள்.

மாண்டலின் பிறந்தது இத்தாலியில். பெயருக்கே வாதுமைக் கொட்டையோடு சம்பந்தம் சொல்வார்கள். பழைய நேபிள்ஸ் மாண்டலினின் முதுகைப் பார்த்தால் சொல்லத்தான் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் நேபிள்ஸில் வினாச்சியா என்ற குடும்பத்தார் அதைச் செய்து பெயர் வாங்கினார்கள். இரண்டிரண்டாக எட்டுத் தந்தி; சுருதி பிடிலைப் போலவே. விவால்டி அதற்காக எழுதியிருக்கிறார். பீத்தோவன் இளமையில் ஒரு சீமாட்டிக்காகச் சில துணுக்குகள் எழுதியிருக்கிறார். பிறகு அது அமெரிக்கா போயிற்று. அங்கே கலமஸூ என்ற ஊரில் ஆர்வில் கிப்ஸன் என்பவர், ‘மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டுவானேன்? பிடிலின் வயிற்றைப் போல மரத்தைக் குடைந்தே செய்வோம்’ என்று கிளம்பி 1898-இல் பேட்டென்ட் வாங்கினார். இன்று குடைந்து செய்யும் மாண்டலின்கள் எல்லாம் அந்த வம்சம். ஆசாரியார் மடியிலிருந்ததும் அதன் தூரத்துப் பேரப்பிள்ளைதான். அவருக்கு அந்த முன்னோரைப் பற்றித் தெரியாது.

மேற்பலகையின் கனம் நடுவில் நாலரை மில்லிமீட்டர்; ஓரத்துக்கு வரவர இரண்டரை. அதற்குமேல் விட்டால் ஊமை. அதற்குக் கீழே போனால் தந்தி இழுப்பில் குழிந்துவிடும். அவர் கருவி வைத்து அளக்கவில்லை. பலகையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மெலிந்த இடங்களில் வெளிச்சம் தேன் நிறமாக ஊறியது.

அப்போதுதான் அந்த முடிச்சைப் பார்த்தேன். பலகையின் வலப்பக்கத்தில், சுண்டைக்காய் அளவில், கிளை புறப்பட்ட இடத்துக் கரும்புள்ளி. பள்ளிக்கூட விழாவில் பேத்தி வாசிப்பதாக ஏற்பாடு. பாட்டு வாத்தியார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “நல்ல கறுப்பு சிவப்பாப் பெயின்ட் அடிச்சுடுங்க, இல்லாட்டி இதை வாத்தியம்னு யாரும் நம்ப மாட்டாங்க.” பேத்தி ஒரே பிடிவாதம், மர நிறமேதான் வேண்டுமென்று. ஆசாரியார் இரண்டுக்கும் நடுவே இருந்தார்.

அமெரிக்காவில் இந்தப் பூச்சில்லாத நிறத்துக்கு ‘பிளாண்ட்’ என்று பெயர். பொன்னிறக் கூந்தல்காரிகளுக்குச் சொல்லும் அதே வார்த்தை. நடுவே மஞ்சளும் ஓரம் முழுவதும் கருஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவது அங்கே சாதாரண வழக்கம். அழகுக்குத்தான், ஆனால் ஓரத்து ஒட்டும், மரத்தின் மறுவும் அந்தக் கருஞ்சிவப்பில் மறைந்துவிடும். பொன்னிறமாகவே விடுவதென்றால் பொறுக்கி எடுத்த மரம் வேண்டும். மறைக்க ஒன்றும் இருக்கக்கூடாது.

“சார் என்ன சொல்றீங்க? அடிச்சுடலாமா?” என்று ஆசாரியார் கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வாயில்லை.

செங்கற்பட்டில் என் அத்தையிடம் ஒரு வீணை இருந்தது. ஏகாண்ட வீணை, அவளுக்குக் கல்யாணச் சீராக வந்தது. பலா மரம் புதிதில் மஞ்சளாக இருக்கும். வயதாக ஆகப் பழுத்துக் கறுக்கும். அத்தை விரலும் முழங்கையும் பட்ட இடங்கள் மட்டும் வேறு மாதிரி மெருகேறிக் கிடக்கும். எனக்கு இருபத்திரண்டு வயதில் முதல் கதைக்குப் பணம் வந்தது. அத்தைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றி, அவள் ஊருக்குப் போயிருந்த சமயத்தில், மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஒரு கடையில் வீணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் கைநிறைய வார்னிஷ் பூசி, காய்வதற்காக வெயிலில் வைத்தார்கள். கண்ணாடி மாதிரி வந்தது. மெழுகு வெயிலில் இளகி மெட்டுகள் அசைந்ததை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அத்தை வந்தாள். தடவிப் பார்த்தாள். உட்கார்ந்து ஸாரணியை ஒரு முறை மீட்டினாள். ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி இருந்தது. இரண்டு மெட்டு அமுக்கிப் பார்த்தாள். “ரொம்ப நன்னாயிருக்குடா, முகம் பார்க்கலாம் போலிருக்கே” என்றாள். பிறகு உறையைப் போட்டு மூடிவிட்டாள். திரும்பவும் மேளம் கட்டுவித்திருக்கலாம். பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை, கேட்டால் நான் செய்தது தப்பு என்று சொன்னதாக ஆகும். நானும் கேட்கவில்லை, விஷயமே தெரியாது. அத்தை காலமாகிப் பல வருஷத்துக்குப் பின் வேறு யாரோ ஒரு வீணைக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்து, “யார் இந்தக் காரியம் பண்ணினது?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை ஆசாரியாரிடம் சொன்னேன். ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பூச்சே வேணாம்னு சொல்லிடாதீங்க சார்” என்றார். “இது கடல் காத்து. வெறும் மரத்தை இங்கே விட்டா ஒரே மழைக்காலத்திலே ஊதிடும். ஏதாவது போட்டுத்தான் ஆகணும். எவ்வளவு போடறோங்கறதுதான் விஷயம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பூச்சு என்றாலே பொய் என்ற ஒரு வேகத்தில் நான் இருந்தேன். மாமல்லபுரத்துக் கல்லைப் பார்த்து, ‘ஆகா, வேஷமில்லாத அழகு’ என்று உருகிவிட்டு வந்தவன் அல்லவா? ஆனால் பல்லவர் அப்படி நினைக்கவில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இன்றைக்கும் சுதைப்பூச்சும் வர்ணமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களைப் பார்க்கலாம். பெரும்பாணன் யாழின் தோலுக்கும் நிறம் ஊட்டித்தான் இருந்தார்கள்.

அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு, மெல்லியதாக ஏழெட்டுத் தடவை தேய்த்தார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நாள். வர்ணம் சேர்க்கவில்லை. குமிழின் ரேகைகள் ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி எழும்பி வந்தன. முடிச்சும் எழும்பி வந்தது, முன்னைவிடப் பளிச்சென்று. “திருஷ்டிப் பொட்டு” என்றாள் பேத்தி. தாத்தா அதன் பின்புறத்தில் உள்ளே ஒரு சிறு சீவலை வச்சிரம் வைத்து ஒட்டிப் பலப்படுத்தியிருந்தார். அது யாருக்கும் தெரியாது.

விழாவுக்கு அவள் வாசிக்கப் போவது சினிமாப் பாட்டா, கீர்த்தனமா என்று கேட்டேன். “மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மாதிரி” என்றாள். அவர் மறைந்தபோது அவள் பிறந்திருந்தாலும் தொட்டிலில்தான் இருந்திருப்பாள். ஆந்திராவில் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த பையன் தகப்பனாருடைய மாண்டலினைத் தூக்கிக்கொண்டான். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் வாத்தியத்தில் பிடிப்பான். 1981-இல் சென்னையில் கச்சேரி செய்தபோது வயது பன்னிரண்டு. இது என்ன, மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. பிடில் மாத்திரம் எங்கிருந்து வந்ததாம்? பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டதுதானே! சாதாரண மாண்டலினில் ஒலி நிற்காது, தட்டியதும் செத்துவிடும். இரட்டைத் தந்தியை அசைத்துக் கமகம் பிடிப்பதும் கஷ்டம். அவர் இரட்டைகளை விலக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்துக்கொண்டார். மின்சாரத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தருமபுரத்தில் யாழுக்கு வந்த சிக்கலேதான் இதுவும். இந்தத் தடவை வாத்தியம் உடையவில்லை, மாறிக்கொண்டது. 2014 செப்டம்பரில், நாற்பத்தைந்து வயதில் அவர் போய்விட்டார்.

அவருடைய வாத்தியம் குடமில்லாத கட்டை உடம்பு. அதற்கு எந்தப் பூச்சுப் பூசினாலும் அவ்வளவு வித்தியாசம் இராது. நெம்மேலிக் குமிழுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. காற்றை அசைக்க அதன் வயிறு ஒன்றுதான் உண்டு.

தந்தி பூட்டிய நாள் நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள். பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டணத்தில் வாங்கி வந்த எட்டுத் தந்திகளை ஆசாரியார் ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒவ்வொரு திருப்புக்கும் காதை மேற்பலகையில் வைத்து ஏதாவது முனகுகிறதா என்று கேட்டார். முடிச்சு இருந்த பக்கம் ஒரு தடவை ‘க்ரக்’ என்றது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒன்றுமில்லை, குதிரைதான் சரியாக உட்கார்ந்தது.

குதிரையை அவர் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாவது மெட்டு பாதியில் சரியாக விழுந்தது.

பேத்தி மடியில் வைத்து நாலைந்து ஸ்வரம் தட்டினாள். குரல் சின்னதுதான், ஆனால் தொண்டையில் எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை. கீற்றுக்கொட்டகையின் மூங்கில் விட்டத்தில் குடியிருந்த கருவண்டு ஒன்று துளையிலிருந்து வெளியே வந்து, ரீங்காரமிட்டுக்கொண்டு அந்தப் பொன்னிறப் பலகையை இரண்டு சுற்றுச் சுற்றிற்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. “பார்த்தீரா ஆசாரியாரே, பெரும்பாணாற்றுப்படையிலே...” என்று ஆரம்பித்தேன்.

ஆசாரியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து வண்டை விரட்டினார். “துளை போட்டுடும் சார்” என்றார்.